கடல் கேள்வி–பதில்: பொறுத்திருப்பவருக்கு என்ன பங்கு?

கடல் வளம், மீன்பிடித் தொழில், கடலோர வாழ்வு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மீன்வள ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது. தடை முடிந்த அன்றைக்கே எல்லாரும் ஒன்றாகப் போய் அள்ளிக்கொண்டு வருகிறோம். ஒரு மாதத்தில் பழைய கதைதான். இதனால் கடலுக்கு என்ன லாபம், எங்களுக்கு என்ன லாபம்?
– விசைப்படகில் வேலை பார்க்கும் வாசகர்

பதில்: கோளாறு எங்கே இருக்கிறது என்று நீங்களே சரியாகப் பிடித்துவிட்டீர்கள். தடைக்காலம் நாட்களை மட்டும்தான் எண்ணும். எத்தனை படகு, எவ்வளவு பெரிய வலை, மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்காது. சினை மீன் முட்டையிடும் வாரங்களில் வலை இறங்காமல் இருப்பது நல்லது. தரையோடு இழுக்கும் பெரிய வலையான இழுவை மடி உழுதுகொண்டே இருந்த கடல்தரைக்கு ஓய்வு கிடைப்பதும் நல்லது. ஆனால் அந்த ஓய்வில் வளர்ந்ததெல்லாம் முதல் வாரம் முந்திப் போகிறவருக்கே என்றால், பொறுத்திருந்தவர் அத்தனை பேரும் யாருக்காகப் பொறுத்திருந்தார்கள்? அடுத்த வருடம் இன்னும் பெரிய இன்ஜின் வைத்திருப்பவருக்காகத்தான்.

இதன் உச்சத்தை அலாஸ்காவில் பார்த்தார்கள். அங்கே ஹாலிபட் என்று ஒரு பெரிய தட்டை மீன், தரையோடு படுத்துக் கிடக்கும். பிடிப்பு எல்லை மீறக் கூடாது என்று அதிகாரிகள் பருவத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். படகுகளோ கூடிக்கொண்டே வந்தன. கடைசியில் முக்கியமான பகுதிகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம்தான் மீன்பிடிப்பு என்றாகிவிட்டது. அன்றைக்குக் காற்று எப்படி அடித்தாலும் போயாக வேண்டும். போட்ட தூண்டில் கயிற்றை எடுக்க நேரமில்லாமல் கடலிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. ஒரே நாளில் குவியும் மீனை உறையவைப்பதைத் தவிர வழியில்லை. 1995ல் முறையை மாற்றினார்கள். மொத்தப் பிடிப்பில் உனக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் பங்கு எழுதிக் கொடுத்தார்கள். பருவம் எட்டு மாதமாக நீண்டது. தன் பங்கு எங்கேயும் போகாது என்று தெரிந்ததும் ஓட்டப்பந்தயம் நின்றது.

சரி, அப்படியே எல்லாக் கடலிலும் செய்துவிடலாமா? நான் செய்யச் சொல்ல மாட்டேன். அந்தப் பங்கை விற்கலாம், வாங்கலாம் என்று விட்டால் பணமுள்ளவர் கைக்கு அது போய்ச் சேர்ந்துவிடும். அலாஸ்காவில் சின்னக் கிராமங்கள் பல தங்கள் பங்கை இழந்தன. ஐஸ்லாந்தில் இந்தப் பங்கு முறையால் பாதிக்கப்பட்ட மீனவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார்கள். 2007ல் அந்தக் குழு அவர்கள் பக்கம்தான் சொன்னது.

தடை நன்றாக வேலை செய்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் கடல் வற்றும்போது பெண்கள் பார் எனப்படும் கடற்பாறைத் திட்டின் மேல் நடந்து, பொந்துக்குள் குச்சி விட்டுப் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிப்பார்கள். 2004ல் ஒரு கிராமம் தன் பாரில் ஒரு பகுதியைச் சில மாதம் மூடியது. இளம் பேய்க்கணவாய் ஒரே மாதத்தில் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும் பிராணி. திறந்தபோது பெரிது பெரிதாகக் கிடைத்தது. மூடியவர்களும் அவர்களே, எடுத்தவர்களும் அவர்களே. பக்கத்துக் கிராமங்கள் பார்த்துவிட்டுத் தாங்களும் மூட ஆரம்பித்தன. வேகமாக வளரும் உயிர், சின்ன இடம், யார் எடுப்பார் என்று தெரிந்த கூட்டம் – இந்த மூன்றும் சேர்ந்தால் சில மாதத் தடையே போதும். வருடக்கணக்கில் வளரும் மீனுக்கு அது போதாது.

கேள்வி: குஞ்சு மீனை விட்டுவிட்டுப் பெரிய மீனைப் பிடி என்கிறார்கள். பெரிய மீன்தானே முட்டையிடும்? அதைப் பிடித்தால் குஞ்சு எங்கிருந்து வரும் என்று என் மாணவி கேட்கிறாள்.
– பள்ளி ஆசிரியை

பதில்: உங்கள் மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பெரியவர்கள் ரொம்ப நாள் கேட்காமல் விட்ட கேள்வி இது.

மீனின் தலைக்குள், மூளைக்குக் கீழே, இரண்டு பக்கமும் செவிக்கல் என்ற சின்னக் கல் இருக்கும்; மீனின் வயது அதில் தெரியும். செவுள் மூடியைத் தூக்கி, மண்டையின் அடிப்பக்கத்தைக் கத்தியால் கீறித் திறந்து, இடுக்கியால் அதை எடுக்க வேண்டும். பல மீன்களில் நகத்தின் நுனியளவுதான் இருக்கும். வெள்ளையாக, ஓரம் நெளிநெளியாக. அதைக் குறுக்கே அறுத்து, மெலிசாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் தெரியும். வெளிச்சப் பட்டை ஒன்று, இருண்ட பட்டை ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்தக் கற்களோடுதான் போனது. மீன் இறங்குதளத்தில் கூடை நிறைய மீன் இருக்கும், எடை குறைந்திருக்காது. கல்லை எடுத்துப் பார்த்தால் பட்டைகள் குறைந்திருக்கும். கூடையில் இருப்பதெல்லாம் இளசு. கிழ மீன்களைக் காணோம். மனசு கனத்துப்போகும்.

கிழ மீனுக்கு என்ன அவ்வளவு முக்கியம் என்றால், முட்டைக் கணக்கு நாம் நினைக்கிற மாதிரி இல்லை. அட்லாண்டிக் காட் மீனில், 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு தாய்மீன் இடும் முட்டை, 2 கிலோ எடையுள்ள 28 தாய்மீன்கள் சேர்ந்து இடும் முட்டைக்குச் சமம் என்று 2018ல் வெளியான ஆய்வு காட்டியது. எடையைக் கூட்டிப் பாருங்கள்: அந்த 28ம் சேர்ந்தால் 56 கிலோ. ஆக, ஒரு கிலோ கிழத்தாய், ஒரு கிலோ இளந்தாயைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு முட்டை தருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. களவா மீன் பெண்ணாகத்தான் முதிரும். பெரிதான பிறகு அதில் சில ஆணாக மாறும். கொடுவா நேர் எதிர்: ஆணாக முதிர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாகும். பெரியதை மட்டும் பிடித்துக்கொண்டே போனால் களவாவில் ஆண் இருக்காது, கொடுவாவில் தாய் இருக்காது.

அதனால் குஞ்சும் வேண்டாம், மிகப் பெரியதும் வேண்டாம், நடு அளவைப் பிடி என்ற விதி பல இடங்களில் வந்திருக்கிறது. தூண்டிலுக்கும் பொறிக்கும் இது எளிது, பிடித்ததை உயிரோடு விடலாம். வலையில் கஷ்டம். வலையில் செய்யக்கூடியது கண்ணைத் திருத்துவது. இழுவை மடியில் சாய்சதுரக் கண் இழுவையில் மூடிக்கொள்ளும், உள்ளே போன குஞ்சு வெளியே வர முடியாது. அதே அளவு சதுரக் கண் திறந்தே நிற்கும். மடியின் அடிப்பையில் மட்டும் சதுரக் கண் வைத்தாலே குஞ்சு நிறையத் தப்பும். அப்புறம், நூறு வருடத்துக்கு மேல் வாழும் ஆரஞ்சு ரஃபி போன்ற ஆழ்கடல் மீன்களுக்கு எந்த அளவு விதியும் போதாது. அவற்றின் பக்கமே வலை போகாமல் இருப்பதுதான் நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

கேள்வி: நாங்கள் மீன் குறைந்துவிட்டது என்றால் கணக்கு எடுப்பவர்கள் நம்புவதில்லை. அவர்கள் குறைந்துவிட்டது என்றால் நாங்கள் நம்புவதில்லை. யார் சொல்வதைக் கேட்பது?
– நாட்டுப்படகு மீனவர்

பதில்: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், முடிவை நீங்களே எடுங்கள்.

அங்கே காட் மீன் பிடிப்பு ஐந்நூறு வருடத் தொழில். 1968ல் வெளிநாட்டு இழுவைக் கப்பல்களையும் சேர்த்து வடக்குக் காட் என்று அழைக்கப்படும் அந்தக் கரை மீனின் பிடிப்பு 8 லட்சம் டன்னைத் தொட்டது. அப்புறம் சரிந்தது. 1977ல் கனடா 200 மைல் எல்லை போட்டு அந்நியக் கப்பல்களை வெளியேற்றியது; அவற்றின் இடத்துக்குச் சொந்த நாட்டு இழுவைக் கப்பல்கள் வந்தன. 1980களின் நடுவிலேயே கரையோரத்தில் பொறிவலை போடுகிறவர்கள் மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆழ்கடல் கப்பல்களின் கணக்கு வேறு சொன்னது: மணிக்கு இத்தனை டன், குறைவே இல்லை. அந்தக் கணக்குதான் எடுபட்டது.

இரண்டுமே பொய் இல்லை. காட் கூட்டமாகச் சேரும் மீன். எண்ணிக்கை குறையக் குறைய, மிச்சமிருப்பவை நெருங்கிக் கூடிக்கொண்டன. ஒலியலைக் கருவி வைத்திருந்த கப்பல் அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தது. கடைசிக் கூட்டம் வரைக்கும் அதன் வலை நிறைந்துதான் வரும். ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் பொறிவலைக்குத்தான் கடல் காலியாவது முதலில் தெரிந்தது. 1992 ஜூலை 2ம் தேதி காட் பிடிப்பை நிறுத்தினார்கள். சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. இரண்டு வருடம் என்று சொன்ன தடை 32 வருடம் நீண்டு, 2024ல்தான் எடுக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. அதே பணத்தை 1986ல் கொடுத்துப் பிடிப்பைப் பாதியாகக் குறைத்திருந்தால் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

உங்களுக்கு என் யோசனை: 'மீன் இல்லை' என்று சொல்லாதீர்கள். பாட்டுக் கணக்கு, அதாவது எவ்வளவு பாடுபட்டு எவ்வளவு பிடித்தீர்கள் என்ற கணக்கு, சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் வலை கிடந்தது, எவ்வளவு தூரம் ஓடினீர்கள், எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கிலோ, என்ன நீளம். போன வருடமும் இதே அளவு பிடித்தேன், ஆனால் இரண்டு மடங்கு தூரம் ஓடினேன் என்று ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றால், எந்த ஆய்வாளராலும் அதைத் தள்ளிவிட முடியாது.

கேள்வி: துறைமுகம், காற்றாலை, மீன்பண்ணை, சுற்றுலா, பாதுகாப்பு மண்டலம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் பிரித்துப் போட்டால் சண்டையே வராது என்கிறார்களே? கடல் இடத் திட்டமிடல் என்று பெயராம்.
– பொருளாதாரம் படிக்கும் கல்லூரி மாணவர்

பதில்: வரைபடம் நல்ல விஷயம். வரைபடம் இல்லாமலே கடலைப் பங்கு போடுவது இன்னும் மோசம். செஷல்ஸ் நாடு 2016ல் தன் வெளிநாட்டுக் கடனில் ஒரு பகுதியைக் கடல் பாதுகாப்புக்கு மாற்றிக்கொண்டது. கடன் கொடுத்தவர்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்தார்கள். மீதியைப் பாதுகாப்புக்கும் பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கும் செலவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதற்காகத் தன் 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் முழுவதற்கும் திட்டம் வரைந்து, 2020ல் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. அவ்வளவு சின்ன நாட்டுக்கு அது பெரிய வேலை.

ஆனால் வரைபடத்தில் யார் தெரிகிறார்கள் என்று பாருங்கள். பெரிய கப்பல்களில் தானாக இடம் சொல்லும் கருவி கட்டாயம். அவை எங்கே போயின, எங்கே நின்றன என்பது திரையில் கோடுகோடாக விழும். சின்னப் படகில் அந்தக் கருவி இல்லை. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் சிப்பி பொறுக்கும் இடமும், தாத்தா காலத்திலிருந்து தூண்டில் போடும் பாரும் எந்தத் திரையிலும் விழாது. திட்டம் வரைகிறவர் கண்ணுக்கு அந்த இடம் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர் என்று தெரிகிற இடத்தில்தான் காற்றாலையையும் மீன்பண்ணையையும் வைக்கத் தோன்றும்.

நீங்கள் படிப்பு முடித்து இந்த வேலைக்குப் போனால், முதலில் ஒரு பெரிய காகிதத்தை எடுத்துக்கொண்டு படகுக்காரர்களோடு உட்காருங்கள். எந்த மாதம் எந்தப் பார், எந்த நீரோட்டத்தில் எந்த மீன் என்று அவர்கள் கையாலேயே வரையவிடுங்கள். கணினி அப்புறம் வரட்டும்.

கேள்வி: கடலில் ஒரு பகுதியை நிரந்தரமாக மூடினால் மீன் பெருகும் என்கிறார்கள். மீனவர் வயிறு?
– வாசகி

பதில்: மெக்சிகோவின் காபோ புல்மோ என்ற சின்னக் கடற்கரை ஊரைச் சொல்கிறேன். தங்கள் பவளப்பார் காலியாகிவிட்டதைக் கண்டு, அந்த ஊர்க் குடும்பங்களே முன்னின்று கேட்டு, 1995ல் அது தேசியப் பூங்கா ஆனது. சட்டப்படி மூன்றில் ஒரு பங்குதான் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் முழுப் பூங்காவிலும் மீன்பிடிப்பை விட்டார்கள். 1999க்கும் 2009க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 460 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. சுறாவும் பெரிய களவாவும் திரும்பின. மீன் பிடித்த குடும்பங்கள் முக்குளிக்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் போய் வாழ்கின்றன.

நியூசிலாந்தின் லீ பகுதியில் 1975லேயே ஒரு துண்டுக் கடலை மூடினார்கள். அங்கே நடந்தது இன்னும் ஆழமானது. கடல் முள்ளெலிகள் கடல்பாசிக் காட்டைத் தின்று பாறையை மொட்டையாக்கியிருந்தன. மூடிய பிறகு பெரிய ஸ்நாப்பர் மீன்களும் சிங்கிறாலும் பெருகி முள்ளெலியைத் தின்றன. பாசிக்காடு தானாக முளைத்தது. அதைத் திட்டம் போட்டு யாரும் நடவில்லை.

இப்போது மறுபக்கம். இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளின் மக்களை 1960களின் கடைசியிலிருந்து 1973க்குள் பிரிட்டன் அங்கிருந்து அகற்றியது, ராணுவத் தளத்துக்காக. 2010ல் அந்தத் தீவுகளைச் சுற்றிய கடலைப் பிரம்மாண்டமான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பி வந்தாலும் மீன்பிடித்துப் பிழைக்க முடியாது. 2015ல் சர்வதேசத் தீர்ப்பாயம், அந்தத் தீவுகளுக்கு உரிமை கோரிய மொரீஷியஸின் உரிமைகளை மதிக்காமல் செய்த அந்த அறிவிப்பு கடல் சட்டத்தை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. பவளத்தைக் காப்பாற்றும் ஆசை எனக்கு யாருக்கும் குறைந்ததில்லை. ஆனாலும் அந்த வரைபடத்தை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன்.

2030க்குள் கடலில் 30 விழுக்காட்டைக் காப்பது என்று 2022 டிசம்பரில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டுள்ளன. எண்ணிக்கையை எட்டுவதற்காக ஆளில்லாத தூரக் கடலை மொத்தமாக மூடிக் கணக்குக் காட்டுவது சுலபம். நீங்கள் கேட்ட அந்த வயிற்றுக்குப் பதில் சொல்லி மூடுவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

கேள்வி: மீன் வாங்கும்போது நான் எதைப் பார்க்க வேண்டும்?
– இல்லத்தரசி

பதில்: இரண்டே இரண்டு. குஞ்சாக இருந்தால் வாங்காதீர்கள். எப்படிப் பிடித்தது, தூண்டிலா, வலையா, இழுவை மடியா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் விற்பவர் விசாரித்து வைத்திருப்பார். கடலைக் கெடுக்காமல் பிடித்தது என்ற சான்று முத்திரை உள்ளது மட்டும்தான் நல்ல மீன் என்று எண்ண வேண்டாம். அந்த முத்திரைக்கு ஆகும் செலவைச் சின்னப் படகுக்காரர் தாங்க முடியாது.

கேள்வி: நாங்கள் மட்டும் கட்டுப்பாடாக இருந்து என்ன பயன்? எங்கிருந்தோ வரும் பெரிய கப்பல்கள் ஆழ்கடலில் வாரிக்கொண்டு போகின்றனவே.
– மீனவர் சங்க உறுப்பினர்

பதில்: நியாயமான கோபம். அந்தக் கப்பல்களில் பல, சொந்த லாபத்தில் ஓடுவதில்லை. 2018ல் உலக அரசுகள் மீன்பிடித் தொழிலுக்குக் கொடுத்த மானியம் சுமார் 3,540 கோடி டாலர் என்று ஒரு மதிப்பீடு. அதில் 2,220 கோடி, எரிபொருள், புதுக் கப்பல் என்று பிடிக்கும் திறனைக் கூட்டுவதற்குப் போனது. மானியத்தில் பெரும்பங்கு பெரிய கப்பல்களுக்குத்தான். மக்கள் வரிப்பணம் டீசலாகப் போகாவிட்டால், அத்தனை தூரம் போய் மீன்பிடிப்பது பலருக்குக் கட்டுப்படியாகாது. உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் மீன்பிடி மானிய ஒப்பந்தம் போட்டது. 2025 செப்டம்பர் 15ல் அது நடைமுறைக்கு வந்தது. திருட்டு மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே சுரண்டப்பட்ட மீன் இனங்களைப் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்கிறது. கப்பல் கூட்டத்தைப் பெருக்கும் மானியத்தைப் பற்றிய முக்கியமான பகுதியில் இன்னும் உடன்பாடு வரவில்லை. வர வேண்டும்.

சின்னவர்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் தீவுகள் சாட்சி. கிரிபாட்டி, துவாலு, நவ்ரு, மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா, பலாவ், பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் – இந்த எட்டு நாடுகளின் கடலில்தான் உலகின் சூரை மீனில் பெரும் பங்கு திரிகிறது. தனித்தனியாகப் பேரம் பேசிய காலத்தில், வந்த கப்பல்கள் ஒரு தீவைக் காட்டி இன்னொரு தீவின் விலையைக் குறைத்தன. 2007ல் எட்டும் சேர்ந்து 'கப்பல் நாள்' முறையைக் கொண்டுவந்தன. வருடத்துக்கு மொத்தம் இத்தனை மீன்பிடி நாள். அதைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, கப்பல்களுக்கு நாள் கணக்கில் விற்பது. ஒவ்வொரு சுருக்குமடிக் கப்பலிலும் ஒரு பார்வையாளர் ஏற வேண்டும் என்றார்கள். சேர்ந்து கிடைத்த வருமானம் 2010ல் 6 கோடி டாலராக இருந்தது. சில வருடத்தில் 50 கோடி டாலரை நெருங்கியது. கிரிபாட்டி அரசின் வருமானத்தில் பாதிக்கும் மேல் இதிலிருந்துதான். நாள் குறைவாக இருப்பதால்தான் அதற்கு விலை வந்தது. மீனைக் கடலில் விட்டுவைத்ததற்கு அந்த எட்டு நாட்டுக் கருவூலத்தில் பணமாகவே பலன் தெரிந்தது.

கேள்வி: லட்சக்கணக்கில் அலையாத்திக் கன்று நட்டதாகச் செய்தி வருகிறது. நாலைந்து வருடம் கழித்துப் போனால் அங்கே காடு இல்லை. ஏன்?
– இயற்கை ஆர்வலர்

பதில்: நடக் கூடாத இடத்தில் நடுவதால். அலையாத்தி, சராசரிக் கடல் மட்டத்துக்கும் உயர் ஓத மட்டத்துக்கும் நடுவில்தான் பிழைக்கும். கொஞ்ச நேரம் நனைய வேண்டும், மீதி நேரம் வேர் மூச்சுவிட வேண்டும். அந்த உயரத்தில் இருந்த நிலமெல்லாம் இறால் குட்டையாகவும் கட்டடமாகவும் போய்விட்டது. யாருக்கும் சொந்தமில்லாத இடம் அதற்குக் கீழே உள்ள சேறுதான். சண்டை வராத இடம் என்பதால் அங்கே நடுகிறார்கள். கன்று எந்நேரமும் முழுகிக் கிடக்கும், தண்டில் கொட்டலசு அப்பிக்கொள்ளும், செத்துப்போகும்.

பிலிப்பைன்ஸில் பல வருடம் இப்படித்தான் நட்டார்கள். பிழைத்தது பத்து இருபது விழுக்காடு. நீளமான விதைமுளை கைக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று சுரபுன்னை வகையையே எங்கும் செருகினார்கள். கடல் முகப்பில் தானாக நிற்பதோ வெண்கண்டல் வகை. கொடுமை என்னவென்றால், நட்ட இடத்தில் சில சமயம் ஏற்கெனவே நல்ல கடற்புல் இருந்தது. அதுவும் போயிற்று.

கைவிட்ட இறால் குட்டையின் கரையைச் சரியான இடத்தில் உடைத்து ஓதத்தை உள்ளே விடுங்கள். பக்கத்தில் தாய்மரம் இருந்தால் விதை தண்ணீரோடு தானே வந்து சேரும். ஒரு நாற்றுக்கூட நடாமல் காடு வரும். புகைப்படத்துக்கு அது தோதாக இருக்காது, அவ்வளவுதான்.

கேள்வி: எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலுக்கு யார் காவல்?
– வாசகர்

பதில்: 200 மைலுக்கு அப்பால் இருக்கும் அந்தக் கடல், மொத்தக் கடல் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அங்கே பாதுகாப்புப் பகுதி அறிவிப்பதற்குப் பொதுவான வழியே இல்லாமல் இருந்தது. 2023 ஜூனில் ஐ.நா.வில் ஏற்ற ஒப்பந்தம் 2026 ஜனவரி 17ல் நடைமுறைக்கு வந்து அந்த வழியைத் திறந்திருக்கிறது. கப்பலை நிறுத்திச் சோதிக்கப்போவது பழையபடி கப்பலைப் பதிவுசெய்த கொடி நாடும், மீனை இறக்கும் துறைமுக நாடும்தான். துறைமுகத்தில் இறுக்கினால் நடுக்கடலில் திருட்டு குறையும்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் கரையோரப் பார் ஒன்றைச் சில மாதம் மூடிப் பார்க்கலாம் என்று பேச்சு நடக்கிறது. பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். போலீசும் இல்லை, பணமும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– சங்கச் செயலாளர்

பதில்: இந்தத் தடவை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையதுதான்.

போலீஸ் இல்லாமல் நடந்ததைச் சொல்கிறேன். துருக்கியின் அலன்யாவில் 1970களில் சுமார் நூறு மீனவர்கள். நல்ல இடத்துக்காக அடிதடி. அவர்களே பேசி ஒரு முறை கண்டுபிடித்தார்கள். செப்டம்பரில் எல்லா மீன்பிடி இடங்களுக்கும் பெயர் எழுதிப் பட்டியல் போடுவார்கள்; ஒரு இடத்தில் போட்ட வலை பக்கத்து வலைக்கு வரும் மீனை மறிக்காத இடைவெளி இருக்கும். சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு இடம். மறுநாள் எல்லாரும் ஒரு இடம் கிழக்கே நகர வேண்டும். ஜனவரி வரை கிழக்கே, அதற்குப் பிறகு மே வரை மேற்கே. ஏனென்றால் மீன் நகரும் திசை மாறும். எல்லாருக்கும் நல்ல இடமும் வரும், மட்டமான இடமும் வரும். இதற்குக் காவல் யார்? இன்றைக்கு நல்ல இடம் யாருக்கோ, அவரே காவல். அவர் விடிவதற்குள் போய் நிற்பார். வேறு யாரும் அங்கே வலை போட்டால் அவர் விடமாட்டார், மற்றவர்களும் அவர் பக்கம் நிற்பார்கள், ஏனென்றால் நாளைக்கு அவர்கள் முறை. இப்படிப்பட்ட ஏற்பாடுகளை ஆராய்ந்து உலகுக்குக் காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009ல் பொருளாதார நோபல் பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

சிலி நாட்டில் லோக்கோ என்ற கடல் நத்தையினம் அழியும் நிலைக்குப் போய், 1989 முதல் 1992 வரை மூடிவைத்தார்கள். 1991ல் வந்த சட்டம் கடல்தரையில் ஒரு பகுதியை அந்தந்த ஊர்ச் சங்கத்துக்கே ஒப்படைக்க வழி செய்தது. முதலில் தரையில் எத்தனை இருக்கிறது என்று எண்ண வேண்டும். அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று அனுமதி. எண்ணுகிற வேலையில் முக்குளிப்பவர்களும் கூடவே இருப்பார்கள்.

உங்களுக்கு வருவோம். பார் முழுவதையும் மூடாதீர்கள், ஐந்தில் ஒரு பங்கு போதும். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடமாக இருக்கட்டும், காவலுக்குச் செலவில்லை. சீக்கிரம் வளரும் உயிரை மனதில் வைத்து மூடுங்கள். முதல் வருடமே பலன் தெரியாவிட்டால் இரண்டாம் வருடம் கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். மூடும் நாளைவிடத் திறக்கும் நாளைப் பற்றி அதிகம் பேசுங்கள்: யார் யார் இறங்கலாம், ஒரு படகுக்கு எவ்வளவு, வெளியூர்ப் படகு வந்தால் என்ன செய்வது. அதை எழுதிக் கையெழுத்து வாங்காமல் மூடவே வேண்டாம். அந்தப் பாரை நம்பியே இருக்கும் சில வீடுகள் இருக்கும், பெரும்பாலும் வயதானவர்களும் சிப்பி பொறுக்கும் பெண்களும். அந்த மாதங்களுக்கு அவர்களுக்கு என்ன என்பதைச் சங்கம் முதலில் தீர்க்க வேண்டும். எதிர்ப்பவர்களில் பாதி இந்த வீட்டுக்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள், காவல் பொறுப்பிலும் அவர்களில் இருவரைப் போடுங்கள்.

மூடுவதற்கு முன்னால் ஒரு மாதம் பாட்டுக் கணக்கு எழுதிவையுங்கள்: தேதி, மணி, வலைக்கண் அளவு, எடை, நாற்பது ஐம்பது மீனின் நீளம். மூடாத பக்கத்துப் பாரிலும் அதே மாதிரி எழுத வேண்டும், இல்லையென்றால் பிற்பாடு ஒப்பிட வழியிருக்காது. எழுதி முடித்ததும் ஒரு நகல் இதழ் முகவரிக்கு என் பெயருக்கு அனுப்புங்கள். அளவுகோல் பிடிக்கும் முறையில் ஏதாவது திருத்தம் இருந்தால், மூடும் தேதிக்கு முன்பே பதில் எழுதிவிடுகிறேன்.